இரண்டு பேருக்கான பெர்மிட்

பக்கத்து வீட்டுத் தங்கம்மை கொழும்புக்குப் போகிறாள் என்று கருங்கல் சந்தையில் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் புருஷன் செல்லையா வாத்தியார் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு நினைத்தபடி கப்பலேற முடியாது. அங்கே மகனோடு தங்க, இரண்டு பேர் பிழைக்கும் அளவுக்குச் சொத்து காட்டினால்தான் பெர்மிட்.

விசாரிக்க வந்த அதிகாரி, அவர்கள் காட்டிய தென்னந்தோப்பைப் பற்றி என்னிடமும் கேட்டார்.

"தென்னந்தோப்புல பாதி அவ தம்பிக்க பங்குல்லா," என்றேன். பொய்யில்லை. ஆனால் வேறு யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பதில் வந்தது: மீதிச் சொத்து ஒருவருக்குத்தான் போதும், வாத்தியார் மட்டும் போகலாம். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே ஆறுதல் சொல்லப் போனேன்.

"நீங்களாவது போய் மவனப் பாருங்க," என்று தங்கம்மை அழுதுகொண்டிருந்தாள்.

பயணத்துக்குத் தைத்த சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டார் வாத்தியார். "நீ இல்லாம எனக்கு என்னத்துக்குட்டி கொழும்பு?"

வீட்டுக்கு வந்து என் புருஷனிடம் சொன்னேன்.

"புத்தி கெட்ட மண்டன்! நான்னா இன்னைக்கே கப்பலேறியிருப்பேன்," என்றார், சோற்றிலிருந்து தலை தூக்காமல்.

தங்கம்மைமேல் எனக்குப் பொறாமை உண்மையில் தொடங்கியது அன்றைக்குத்தான்.