வெயில் நேரத்துப் படுக்கை ஜெபம்

வேதசிரோமணிக்குத் தூக்கம் வரவில்லை என்ற செய்தி சொந்த ஊரான சுந்தரபாண்டியத்துக்கு வந்தபோது ஒருத்தரும் நம்பவில்லை. சிரித்தார்கள். அந்த ஊரில் தூக்கத்துக்குப் பேர்போன ஆள் அவர். கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைத்துவிட்டு வரப்பில் தலை சாய்த்தாரென்றால் மழை பெய்தாலும் தெரியாது. ஒரு கல்யாண வீட்டில் தவில்காரருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கி, தாலி கட்டினதைப் பார்க்காமலே எழுந்து பந்திக்குப் போனவர். அப்படிப்பட்ட மனுஷனுக்கா தூக்கம் வரவில்லை!

அவருடைய தூக்கத்துக்கு முன்னால் தவறாமல் ஒரு படுக்கை ஜெபம் இருக்கும். இராச்சாப்பாடு முடிந்து, பாயை விரித்து, விளக்குத் திரியைத் தணித்ததும் அவரும் மனைவி ரோசம்மாளும் பாயின் மேலேயே முழங்கால் போடுவார்கள். ஜெபத்தை அவர் சொல்வார். ஆமென் அவள் சொல்வாள். வீட்டுக்காரன் ஜெபம் பண்ண வேண்டும், வீட்டுக்காரி ஆமென் சொல்லி முடிக்க வேண்டும் என்பது அவர்கள் வளர்ந்த விதம். யார் போட்ட சட்டம் இது என்று நானும் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆனாலும் அதை மீற ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

“இந்த இராத்திரியில் எங்களைக் காத்தருளும் ஆண்டவரே, இருட்டில் வருகிற பொல்லாப்பை எங்கள் வாசலுக்கு அப்பால் நிறுத்தும், எங்கள் பிள்ளை பால்துரை எங்கே படுத்திருந்தாலும் அவன் தலைமாட்டில் நில்லும்” என்று அந்த ஜெபம் போகும். பால்துரை அவர்களுடைய ஒரே மகன். பட்டாளத்தில் சேர்ந்த கையோடு யுத்தம் வந்து, கப்பலேறிப் போய்விட்டான். அவன் பின்னால் கைகால் சுகமாகத் திரும்பி வந்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? மகன் பேர் வருகிற இடத்தில் மட்டும் வேதசிரோமணியின் குரல் கம்மும். அதற்கப்புறம் ரோசம்மாளின் ஆமென். அதற்கப்புறம் குறட்டை.

மழை ஏமாற்றிய ஒரு வருஷம், இருவரும் ஊரை விட்டு இராஜபாளையத்துக்கு வந்தார்கள். யுத்த காலம் என்பதால் நூலுக்கு ஏகப்பட்ட தேவை. மில்லில் இராத்திரி பகலாக மிஷின் ஓடியது. வேதசிரோமணிக்குக் கிடைத்தது இராத்திரி ஷிப்ட். நூல் சுற்றிச் சுழலுகிற கதிர்களுக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்து, அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுகிற வேலை. நாற்பதைத் தாண்டின கைக்கு அது சீக்கிரமே பழகிவிட்டது. பழகாமல் போனது வேறொன்று.

முதல் நாள் வேலை முடிந்து, தலைமயிரெல்லாம் பஞ்சுத் தூசியோடு வீட்டுக்கு வந்தார். ரோசம்மாள் கஞ்சி கொடுத்துப் பாயை விரித்தாள். முழங்கால் போட்டு, “இந்த இராத்திரியில்…” என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூரை ஓட்டை வழியாக வெயில் பாயில் விழுந்துகிடந்தது. பக்கத்து வீட்டு அங்காளம்மாள் உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ரெண்டு பேர் தெலுங்கில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

“என்னங்க?” என்றாள் ரோசம்மாள்.

“எப்படிச் சொல்ல? கண்ணு முன்னால வெயில் அடிக்கு. ஆண்டவர்கிட்டப் போயி ராத்திரிங்கதா? பொய்யில்லா அது!”

மனுஷர் அவ்வளவு சுத்தம். விடிந்துவிட்டால் காலை ஜெபம்தானே முறை என்று காலை ஜெபத்தைச் சொன்னார். அதிலும், நல்ல நித்திரை தந்து எழுப்பினீரே என்று ஒரு வரி வரும். தூங்காமலே அதை எப்படிச் சொல்வது? அந்த வரியையும் விட்டுவிட்டார். மிச்சமிருந்தது இவ்வளவுதான்: “சோம்பலை எங்களைவிட்டு அகற்றும். கைகால்களுக்குச் சுறுசுறுப்பைத் தாரும். விழிப்பாயிருந்து உம்முடைய சித்தத்தைச் செய்யப் பண்ணும்.” ரோசம்மாள் ஆமென் சொன்னாள். வேதசிரோமணி படுத்தார். கேட்டது அப்படியே கிடைத்தது. கண் கொட்டக்கூட மனசில்லாமல் சாயங்காலம்வரை கூரையைப் பார்த்துக் கிடந்தார்.

மறுநாளும் அதே ஜெபம்தான். மாதம் பல போயின. தினமும் விழிப்பைக் கேட்டுவிட்டு, படுத்துக்கொண்டு, தூக்கம் எங்கே என்று தேடுகிற ஆளை என்னவென்று சொல்வது? எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. அங்காளம்மாள் கசகசாவை அரைத்துப் பாலில் கலக்கிக் கொடுத்தாள். “உச்சியில நல்லெண்ண வச்சுத் தேயி ரோசம்மா, அம்புட்டுச் சூடும் எறங்கிரும்” என்றாள். எண்ணெய்தான் தலையணையில் இறங்கியது.

தூங்காதவனுக்கு உலகம் ஒரு மாதிரியாகத்தான் தெரியும் போலிருக்கிறது. வேதசிரோமணிக்கு மேற்கு மலை சில நாள் காலையில் கொஞ்சம் கிட்டே வந்து நின்றது. சில நாள் பஞ்சுப் பொதி மாதிரி மெத்தென்று தெரிந்தது, ஓடிப்போய் அதில் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல. வெயிலில் மிதக்கிற தூசி நூலாகி நூலாகிப் போவதையும், அதில் ஒன்று அறுவதையும், அதை ஒட்டத் தன் கை தானாகவே பாயிலிருந்து எழும்புவதையும் அவர் பார்த்துக்கொண்டு கிடப்பார். அந்தக் கையைப் பிடித்துத் திரும்பப் பாயில் வைப்பாள் ரோசம்மாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அடுப்புப் புகை என்று நினைத்திருப்பார்.

விடியப்போகிற நேரத்தில் ஒருநாள் மில்லில் நின்றபடியே கண் அசந்துவிட்டார். மிஷின் பெல்ட்டுக்கு மேலே அவர் உடம்பு சாயப்போன நேரம், மேஸ்திரி சிவனாண்டி சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். சட்டை கிழிந்தது, ஆள் பிழைத்தார்.

“இன்னைக்கு நான் பாத்தேன். நாளைக்கு யாருய்யா பாப்பா? இன்னொரு தடவ கண் அசந்தீருன்னா வேலை கிடையாது. வேலை போனா வீட்டுல இருந்து கஞ்சி குடிக்கலாம், கை போனா எதை வச்சுக் குடிப்பீரு?” என்றார் சிவனாண்டி. கோபமாகத்தான் சொன்னார். ஆனால் கிழிந்த சட்டையை அவர் இன்னும் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதசிரோமணி ரோசம்மாளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயிலேறினார். அங்கே வேதக்கோயிலில் ஞானராஜ் என்கிற உபதேசியார் இருந்தார். பகலில் தூங்குகிறவனுக்கென்று ஏதாவது ஜெபம் உண்டா என்று அவரிடம் கேட்டுவிட வேண்டும் என்பது திட்டம். ஆராதனை ஆரம்பித்தது. உபதேசியார் எல்லாருக்காகவும் நின்று ஜெபம் பண்ணத் தொடங்கினார். நாலாவது வாக்கியம் வருவதற்குள் வேதசிரோமணியின் தலை ரோசம்மாளின் தோளில் விழுந்தது. அப்புறம் குறட்டை, பழைய சுந்தரபாண்டியத்துக் குறட்டை! முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோசம்மாள் வெட்கத்தில் உருகிப்போனாள், ஆனால் எழுப்பவில்லை. பிரசங்கம் முடிந்தது, ஜனங்கள் போனார்கள். அவள் அசையாமல் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எழுப்பாதம்மா, தூங்கட்டும்” என்று சொல்லிவிட்டு உபதேசியார் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போனார்.

கண்விழித்தபோது கோயிலில் இவர்கள் இருவர்தான். வேதசிரோமணிக்கு ஒரே அவமானமாகிவிட்டது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உபதேசியாரிடம் கேட்பது? கேட்காமலே வாயிலைத் தாண்டினார். இராஜபாளையம் வருகிறவரை ரோசம்மாள் யோசித்துக்கொண்டே வந்தாள். வேறொருத்தர் ஜெபம் பண்ணினால் இந்த மனுஷருக்குத் தூக்கம் வருகிறது. வீட்டில் வேறொருத்தர் என்று யார் இருக்கிறார்கள்? தன்னைத் தவிர? அதை நினைத்ததும் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து அவர் வந்தார். கஞ்சி குடித்தார். பாயில் முழங்கால் போட்டார். வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. உடம்பு அவ்வளவு ஓய்ந்துபோயிருந்தது.

“ஏங்க,” என்றாள் ரோசம்மாள், “இன்னைக்கு நான் சொல்லட்டா?”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ரோசம்மாள் கண்ணை மூடினாள். வெளியே உலக்கை விழுந்துகொண்டிருந்தது.

“ஆண்டவரே, எனக்கு எடுப்பா பேசத் தெரியாது. இவிய ராத்திரி முழுக்க நின்னே வேலை பாத்துட்டு வந்திருக்காவ. வெளிய வெயில் அடிக்கு. அது உமக்குத் தெரியாதா, நான் வேற சொல்லணுமாக்கும். ஆனா இவியளுக்கு இப்பத்தான் ராத்திரி வந்திருக்கு. மிஷின் சத்தம் இவிய காதை விட்டுப் போவட்டும். அறுந்த நூலு அறுந்தபடியே கிடக்கட்டும், சாயங்காலம் பாத்துக்கிடலாம். இவிய கண்ணை மூடிவிடும்.”

முடிந்தது என்று நினைத்தார் வேதசிரோமணி. முடியவில்லை.

“பொறவு, நம்ம பய. அவனுக்குன்னு ராத்திரியில யாரும் ஜெபம் பண்ணல ஆண்டவரே. இவிய மில்லுக்குப் போனதுல இருந்து இந்த வீட்டுல ராத்திரி ஜெபமே இல்ல. நான் எப்படிப் பண்ண? நான் ஆமென் சொல்லுதவ. ஜெபம் இல்லாத வீட்டுல நானும் கண்ணை மூடிட்டா அவன் தலைமாட்டுல யாரு நிப்பா? அதான் தூங்காம முழிச்சே கிடந்தேன். இவியகிட்ட அதைச் சொல்லல, இவியளே தூக்கமில்லாம அலையுதாவ. எனக்கு அலுத்துப்போச்சு. இனி நீரு நில்லும். என்னால முடியல.”

வேதசிரோமணி கண்ணைத் திறந்துவிட்டார். இராத்திரியில் மகன் பேரை அவளே சொல்லிக்கொள்வாள் என்று அவர் நினைத்திருந்தார். நினைத்திருந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, அதைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. இத்தனை மாதமும் தன் தூக்கம், தன் தூக்கம் என்றே திரிந்திருக்கிறார். பக்கத்தில் இவள் ஒருத்தி, கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிற பிள்ளைக்குக் கண்ணாலேயே காவல் இருந்திருக்கிறாள். அந்தச் சிவந்த கண்ணை இப்போதுதான் பார்த்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

ரோசம்மாள் எதற்காகவோ காத்திருந்தாள். ஆமென் சொல்ல ஆள் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

“ஆமென்” என்றார் வேதசிரோமணி.

அவர் அப்படியே சாய்ந்தார். கூரையும் வெயிலும் மலையும் ஒன்றாகிக் கலங்கி, தண்ணீரில் கரைகிற மாதிரி கரைந்தன. கரைவதற்கு முன் கையை நீட்டி, பாயின் மறுபாதியைத் தட்டி, “நீயும் படுட்டி” என்றார். பட்டப்பகலில் ஒரு பெண் கதவைச் சாத்திப் படுப்பதா? ரோசம்மாள் படுத்தாள். உச்சிவேளைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த அங்காளம்மாள், சாத்தின கதவைக் கண்டு பயந்து காதை வைத்துக் கேட்டாள். உள்ளே இரண்டு குறட்டை. “நல்லாருக்கே கூத்து” என்று முணுமுணுத்துக்கொண்டு போய், உலக்கைச் சத்தம் வேண்டாமென்று மிச்சக் கம்பை மறுநாளைக்கு வைத்துவிட்டாள்.

அன்றுமுதல் காலையில் அவருடைய தூக்கத்துக்கு அவள் ஜெபம் பண்ணினாள். அவளுடைய தூக்கத்துக்கு அவர். பால்துரை திரும்பி வந்த பிறகும், வேதசிரோமணி பகல் ஷிப்டுக்கு மாறின பிறகும் அந்த வீட்டில் அது மாறவில்லை. ஆனாலும் அந்த முதல் சாயங்காலத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

மில் சங்கு ஊதுவதற்கு முன்பே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, அவளுக்குப் பாயை விரித்தார்.

“இப்பமேயா? இன்னும் விளக்கே ஏத்தலையே” என்றாள்.

“எனக்கு ராத்திரி காலையில வருதுன்னு நீதான ஆண்டவர்கிட்டச் சொன்ன. உனக்கு இப்ப வரட்டும். முழங்கால் போடு.”

அவர் பழைய இராத்திரி ஜெபத்தைச் சொன்னார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் இப்போது வரவில்லை. பால்துரை பேர் வந்தது, வழக்கம்போலக் குரல் கம்மியது. அதோடு முடிகிற ஜெபத்தில் அன்றைக்கு ஒரு வரி கூடிற்று: “என் மனைவியைத் தூங்கவிடும் ஆண்டவரே. பிள்ளைக்காக யாராவது முழித்திருக்கத்தான் வேண்டுமென்றால், நான் எப்படியும் இராத்திரி முழுக்க முழித்துத்தான் இருப்பேன்.”

ஆமென் வருமென்று காத்திருந்தார். வரவில்லை. கண்ணைத் திறந்தால், ரோசம்மாள் முழங்கால் போட்டபடியே டிரங்குப் பெட்டியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவளைத் தூக்கிப் பாயில் படுக்கவைத்தார். மில் சங்கு ஊதியது. அதற்கும் அவள் அசையவில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி அங்காளம்மாளிடம் சொல்லிவிட்டு அவர் மில்லுக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் சிவனாண்டி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன வேதசிரோமணி, தூங்கிட்டீரா?”

“நான் இல்ல மேஸ்திரி,” என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு. “வீட்டுல தூங்கிட்டா.”

“அவிய தூங்கினா நீரு எதுக்குய்யா பிந்தி வாரீரு?”

“செத்த நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்.”