ஸ்டெல்லா ஆன்ட்டியின் கைப்பையில் மூன்று ட்யூப்

ஸ்டெல்லா ஆன்ட்டி என் பேச்சைக் கேட்டுவிட்டார். போன செவ்வாய்க்கிழமை எனக்குச் சோறு தண்ணி இறங்காமல் போனதற்குக் காரணம் அதுதான்.

அதற்கு முந்தின வாரம் இதே இடத்தில் ஜப்பானைப் பற்றி அளந்துகொண்டிருந்தேனே, நினைவிருக்கிறதா? டோக்கியோவில் அசாகுசா என்று ஒரு பழைய வட்டாரம்... மார்ச் கடைசியில் செர்ரிப் பூ... பெட்டியில் என்ன வைப்பது, எதை விடுவது... சென்ற வருஷம் ஐந்தே நாள் போய் வந்தவள், அங்கேயே பிறந்து வளர்ந்த மாதிரி எழுதியிருந்தேன்.

மார்ச் என்றதும் வசந்தம் என்று நம்பி மெல்லிசுச் சட்டையோடு போகாதீர்கள், காலையில் ஃபாரன்ஹீட்டில் நாற்பத்தைந்து டிகிரிதான் இருக்கும், ஆற்றங்கரைக் காற்று காதைக் குடையும் என்றேன். ஒரே ஒரு தடிக் கோட்டுக்குப் பதில் மூன்று மெல்லிய அடுக்கு. மடக்குக் குடை. கோயிலிலும் சில ஹோட்டல்களிலும் ஷூவைக் கழற்ற வேண்டியிருக்கும், ஆகவே ஓட்டையில்லாத சாக்ஸ். பாத்ரூமில் கை துடைக்கப் பேப்பர் இருக்காது, ஆகவே ஒரு சின்னத் துண்டு. தெருவில் குப்பைத் தொட்டியே கண்ணில் படாது, ஆகவே ஒரு பிளாஸ்டிக் கவர்.

எல்லாம் சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதில் ஒரு வரியை மாற்றமாட்டேன் — கடைசி வரியைத் தவிர.

“அந்த சீஸனில் ஸீடர் மரத்து மகரந்தம் பறக்கும். ஊரே மாஸ்க்கோடு திரியும். மூக்கு அடைத்துக்கொள்ளும். போகிற வழியில் ஏதாவது மருந்துக் கடையில் ஒரு இன்ஹேலர் ட்யூப் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.”

மூக்கில் வைத்து உறிஞ்சுகிற அந்தக் குட்டி ட்யூப் இல்லாமல் நம்மில் யார் வீட்டு வாசலைத் தாண்டுகிறோம்? இரண்டாவது முறை யோசிக்கக்கூட இல்லை. எழுதினேன், அனுப்பினேன், மறந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மில்பிடாஸ் மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

“மக்ளே! உன்னத்தான் தேடிட்டிருந்தேன், கேட்டியா?”

ஸ்டெல்லா ஆன்ட்டி. நாகர்கோவில்காரர். நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். லாரன்ஸ் அங்கிளும் அவரும் மகள் ரோஸி ஸ்பான்சர் செய்த கிரீன் கார்டில் ஃப்ரீமான்ட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ரோஸிக்கு மே மாதம் பிரசவம். பிள்ளை வந்துவிட்டால் அசையமுடியாது என்று அதற்குள் ஜப்பானுக்கு ஒரு வாரம் டிக்கெட் போட்டிருந்தார்கள். அன்றைக்கு நள்ளிரவு தாண்டி ஃப்ளைட்.

என் பத்தியைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் டிக்.

“சாக்ஸ் ஆச்சு. குடை ஆச்சு. இதையும் பாரு” என்று கைப்பையைத் திறந்து காட்டினார். புத்தம்புது ட்யூப் மூன்று. “ஒண்ணு எனக்கு. ஒண்ணு அங்கிளுக்கு. இன்னொண்ணு, பக்கத்து சீட்ல யாருக்காச்சும் மூக்கு அடச்சா குடுக்கலாம்லா?”

எனக்கு என்ன பெருமை தெரியுமா? வாசகர் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்! “சூப்பர் ஆன்ட்டி” என்றேன். கடவுளே, நானே என் வாயால் சொன்னேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு ஒரு இமெயில். சன்னிவேலில் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பார்மசிஸ்ட் வாசகி, பெயர் பிரபா. “மேடம், கோவிச்சுக்காதீங்க. நம்ம ஊர் ட்யூபும் இங்க விக்கிற ட்யூபும் ஒண்ணு இல்ல. ஊர்ல உள்ளது மெந்தால், கற்பூரம். இங்க சில ட்யூப்ல ஒரு மருந்து இருக்கு. இங்க யார் வேணாலும் வாங்கலாம். ஜப்பான் சட்டத்துல அது போதை மருந்துக் குடும்பம். ஒண்ணுகூட உள்ள கொண்டு போகக் கூடாது. தெரியாம கொண்டு போனவங்கள புடிச்சு வெச்சு விசாரிப்பாங்க. தயவுசெஞ்சு அந்த வரிய எடுத்துடுங்க.”

சென்ற வருஷம் நான் கொண்டுபோனது சென்னையில் வாங்கியது. அதனால்தான் தப்பித்திருக்கிறேன். இந்த வித்தியாசமே எனக்குத் தெரியாது.

இரண்டு முறை படித்தேன்.

ஆன்ட்டியின் விமானம் அப்போது பசிபிக்குக்கு மேலே. பகல் பன்னிரண்டே முக்காலுக்கு இறங்கும் — அங்கே விடியற்காலை. நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. என்ன செய்வது?

ஏர்லைன்ஸுக்குப் போன் போட்டேன். பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள். காத்திருந்தபோதுதான் உறைத்தது... லைனில் யாராவது வந்தால் என்ன சொல்லப்போகிறேன்? “உங்கள் விமானத்தில் ஒரு அம்மா, கைப்பையில் தடை செய்த சரக்கு மூன்று” என்றா? கதவு திறக்கும்போதே போலீஸ் நிற்காதா? போனை வைத்துவிட்டேன்.

வாட்ஸப்பில் ஆன்ட்டிக்கு எழுதினேன். “ஆன்ட்டி, அந்த மூணு ட்யூபையும் உடனே குப்பையில போட்டுடுங்க.” ஒரே டிக்தான் விழுந்தது. குப்பையில் போடு என்கிறேனே, அங்கே குப்பைத் தொட்டியே கண்ணில் படாது என்று எழுதியவளும் நானே. அதைவிடப் பெரிய பயம் அடுத்து வந்தது. அதிகாரி போனை வாங்கிப் பார்த்தால்? தெரிந்தே மறைத்தார் என்று ஆகிவிடாதா? அவசரமாக அழித்தேன்.

ஸ்பிரிங் பிரேக்குக்கு வீட்டில் இருந்த என் மகள் நிலா — பதிமூன்று வயது — தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “அம்மா, நௌ இட் சேஸ் யூ டிலீட்டட் எ மெசேஜ். தட் லுக்ஸ் வொர்ஸ்.”

“சும்மா இருடி.”

“டெக்னிகலி, யூ டோல்ட் ஹெர் டு ஸ்மகிள் இட்.”

அடுத்த அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த கணவர் சேகர் மைக்கை மூடிவிட்டு வெளியே வந்தார். முழுக்கக் கேட்டார். “ரோஸிக்குச் சொல்லிடு. அது அவங்க பொண்ணு. தெரியணும்.”

“எட்டு மாசம்ங்க! பிபி ஏறிட்டா?”

“அப்ப நான் பேசட்டுமா?”

வேண்டாம் என்றேன். வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பயமுறுத்தக் கூடாது என்று காரணம் சொன்னேன். உங்களிடம் மறைப்பானேன்? அது பாதிப் பொய். ரோஸி என்னைக் கேட்கப்போகிற கேள்விக்குத்தான் பயந்தேன்.

இங்கே வாழ்கிற நம் பயத்துக்கெல்லாம் ஒரு கடைசி ஸ்டாப் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? காரை லேசாக இடித்தாலும் சரி, வேலை போகும் என்று வதந்தி கிளம்பினாலும் சரி, மனசு சுற்றி வளைத்து கிரீன் கார்டில்தான் போய் நிற்கும். எனக்கும் அப்படித்தான் ஓடியது. ஜப்பானில் பிடித்து வைப்பார்கள். கேஸ் போடுவார்கள். கேஸ் என்றால் திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் கேள்வி. கார்டைப் பறித்துவிட்டால்? மே மாதம் ரோஸி பக்கத்தில் அம்மா இருக்கமாட்டார். ஒரு வரியால்... நான் யோசிக்காமல் எழுதிய ஒரு வரியால்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு விமானம் இறங்கிவிட்டதாகப் போனில் காட்டியது. இறங்கினால் முதலில் என்ன செய்வோம்? போனை ஆன் பண்ணுவோம். ஆன்ட்டி பண்ணவில்லை. ஒன்றரை. “இறங்கியாச்சா ஆன்ட்டி?” என்று மட்டும் அனுப்பினேன்; மறுபடி ஒற்றை டிக். இரண்டு மணி. நான் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். நிலாவே கிண்டலை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஷீ வில் பீ ஃபைன், அம்மா” என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

இரண்டே காலுக்கு ரோஸிக்கு டயல் பண்ண எடுத்தேன். அப்போது போன் அடித்தது. ஆன்ட்டி!

“மக்ளே... வெளிய வந்துட்டோம்.”

எனக்கு அழுகைதான் வந்தது.

நடந்தது இதுதான். விமானத்தில் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு மூக்கு அடைத்திருக்கிறது. கொடுப்பதற்காக ஆன்ட்டி மூன்றாவது ட்யூபை எடுத்திருக்கிறார். முப்பது வருஷ நர்ஸ் பழக்கம் — லேபிளைப் படிக்காமல் யாருக்கும் எதையும் கொடுக்கமாட்டார். கண்ணாடியைப் போட்டுப் படித்தவருக்கு அந்த மருந்துப் பேர் போதை மருந்துப் பேர் மாதிரி உறுத்தியிருக்கிறது. கொடுக்காமல் உள்ளே வைத்துவிட்டார். இறங்கியதும் சுங்கப் படிவத்தில் தடை செய்த மருந்து உண்டா என்ற கேள்வி. “ஆம்” என்று குறித்து, மூன்றையும் கவுன்ட்டரில் வைத்துவிட்டார்.

“தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பெட்டியெல்லாம் தொறந்து பாத்தாங்க. எங்க வாங்கின, யாரு சொன்னான்னு கேட்டாங்க. அங்கிளு ஜெபமாலைய விடவே இல்ல. கடைசில, வேண்டாம்னு விட்டுட்டுப் போறோம்னு ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிட்டு, கும்பிடாத குறையா குனிஞ்சு அனுப்பி வெச்சாங்க.”

“ஆன்ட்டி... யாரு சொன்னான்னு கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?”

“யாரும் சொல்லல, நானாத்தான் வாங்கினேன்னேன். உன்ன எதுக்கு இழுக்க?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

“ஒண்ணு கேக்கட்டா? எழுதுறதுக்கு முன்னால, அந்த ட்யூபை ஒரு தடவ திருப்பிப் பாத்தியா மக்ளே?”

“இல்ல ஆன்ட்டி.”

“நான் நர்ஸு. எனக்குப் படிக்கத் தெரிஞ்சுது. மத்தவங்களுக்கு?”

இணையத்தில் அந்த வரியை அன்றைக்கே எடுத்தாகிவிட்டது. ஆனால் பிரிண்ட் எடுத்தவர்கள்? வாட்ஸப்பில் சித்திக்கும் மச்சானுக்கும் ஃபார்வர்ட் செய்தவர்கள்? டல்லாஸிலிருந்தும் எடிசனிலிருந்தும் “பத்தி ரொம்ப யூஸ்ஃபுல் மேடம்” என்று எழுதியவர்கள்? அவர்கள் எப்போது கிளம்புகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யாராவது இந்த நிமிஷம் ஒரு ஜன்னலோர சீட்டில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கலாம்.

பயணம் போகிறவர்களே, பையைத் திறந்து அந்த ட்யூபை எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மற்ற மாத்திரை மருந்துகளையும் ஜப்பான் அரசாங்கம் வெளியிட்டிருக்கும் பட்டியலில் நீங்களே பாருங்கள் — என்னைக் கேட்காதீர்கள்.

ஏற்கெனவே போய் இறங்கியவர்கள் தயவுசெய்து ஒரு வரி போடுங்கள்... திட்டியாவது.