கரும்புக்காட்டில் இறங்கிய டியூனிங்

ஆரப்பாளையம் பைக் மெக்கானிக் நல்லகாமனுக்குத் தன் காதின்மேல் இருந்த பக்தி குலசாமியின்மேல்கூடக் கிடையாது. எந்த வண்டி வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். கார்புரேட்டர் திருகை லேசாகத் திருகுவார். பிறகு கண்ணைத் திறந்து, யாராவது பார்த்தார்களா என்று பார்ப்பார்.

அந்தக் காதின் புகழ் விளாங்குடிப் பல் டாக்டர் ஸ்ரீராம்குமாரை எட்டியது. அவர் இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கி, அலங்காநல்லூர்ப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பறப்பார். மற்ற நாளெல்லாம், வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளிகளிடம், அவர்களால் பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்து அதைப் பற்றிப் பேசுவார்.

விமானம் சும்மா நிற்கும்போது இன்ஜின் முரடாக ஓடி, கரும்புகை விட்டது. சென்னையிலிருந்து வரவேண்டிய இன்ஜினியர் அடுத்த வாரம்தான் வரமுடியும் என்றார். சொத்தைப் பல்லுக்குக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு வருகிறவர்களைத் திட்டித் தீர்க்கும் டாக்டர், அன்றே நல்லகாமனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

வேகத்தை முழுக்கக் குறைத்தும் விமானத்தின் மூக்கில் இருந்த விசிறி விர்ரென்று சுற்றியது நல்லகாமனுக்குப் பிடிக்கவில்லை. சும்மா நிற்கும்போது ஓடும் வேகத்துக்கான ஐடில் திருகைத் தளர்த்தினார். கலவைத் திருகைத் திருகி, பெட்ரோலைக் குறைத்தார். இன்ஜின் புல்லட் மாதிரி டுக்கு டுக்கென்று ஓடியது. புத்தகத்தில் இதைவிட அதிக வேகம் போட்டிருக்கிறதே என்று டாக்டர் இழுத்தபோது, அது வெள்ளைக்காரன் ஊர்க் குளிருக்கு எழுதியது என்று சொல்லிவிட்டார். டாக்டருக்கும் அந்த விளக்கம் வசதியாக இருந்தது.

“நீங்களும் ஏறுங்கண்ணே. ஒங்க வேலைய மேல இருந்து நீங்களே கேளுங்க.”

மறுத்தால் காதுக்கு அவமானம். ஏறினார்.

மேலே போகும்வரை குறையில்லை. நல்லகாமன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்பதற்காக அல்ல. இறங்கும்போது டாக்டர் வேகத்தை முழுக்கக் குறைத்தார். ஓடுபாதைக்கு முன்பே தரை நெருங்குவது போலப் பட, சட்டென்று கூட்டினார். குறைத்து வைத்த பெட்ரோல் அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு அணைந்தது. விசிறி அசையாமல் நின்றது. அப்படியொரு அமைதியை நல்லகாமனின் காது அதுவரை கேட்டதில்லை.

“சார், ஓரமா நிப்பாட்டுங்க. பாத்துருவோம்” என்றார்.

விமானம் சறுக்கிக்கொண்டே போய் முருகம்மாளின் கரும்புத் தோட்டத்தில் இறங்கி, மூக்கை மண்ணில் குத்தி நின்றது. டாக்டருக்கு நெற்றி புடைத்தது. நல்லகாமனுக்கு வேட்டி கிழிந்தது. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த முருகம்மாள் மண்வெட்டியோடு ஓடிவந்து, இரண்டு பேருக்கும் உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகே ஏசத் தொடங்கினாள்.

“இம்புட்டுப் பெரிய வானத்துல ஒங்களுக்கு எடம் பத்தலயாய்யா?”

சென்னை இன்ஜினியர் வந்தார். உடைந்த விசிறியைவிடத் திருகுகளைத்தான் வெகுநேரம் பார்த்தார். யார் தொட்டது என்று கேட்டதற்கு டாக்டர் காற்றின் திசையைப் பற்றிப் பேசினார். ஆரப்பாளையத்தில் மெக்கானிக் கடைப் பலகையில் விமானப் படம் ஏறியது. ஆகாயத்தில் இன்ஜின் நின்றும் ஆளைப் பத்திரமாக இறக்கியவர் என்று நல்லகாமனைத் தேடி வண்டிகள் வரிசையில் நின்றன.

ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருவரும் அடுத்தடுத்த இலையில் உட்கார நேர்ந்தது. பக்கத்து இலைக்காரர் விமானத்தைப் பற்றிக் கேட்டார். பயங்கர எதிர்காற்றைத் தான் சமாளித்த கதையை டாக்டர் சொன்னார், நல்லகாமன் தலையாட்டினார். பிறகு நல்லகாமன் தன் கதையைச் சொன்னார். டாக்டர் அப்பளத்தை நொறுக்கியபடி ஆமாம் போட்டார். பாயசம் வந்தபோது இருவருமே இன்னொரு கரண்டி கேட்டார்கள்.