தண்ணீரில் கழுவிய கார்புரேட்டர்

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருடைய பழைய பைக் வேகம் குறைத்தாலே அணைந்துபோனது. சாயங்காலம் கத்தரிக்காய் மூட்டையோடு அவர் திருப்பதி மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். நானே சரிசெய்கிறேன் என்று கார்புரேட்டரைக் கழற்றினேன். இதற்கென்றே வாங்கிய அல்ட்ராசோனிக் தொட்டியில் அதை வைத்தேன். தொட்டியின் பிளக்கைச் சுவரில் செருகப்போன நேரத்தில் நைனா பெட்ரோல் கேனோடு வந்து தொட்டியில் ஊற்றப் பார்த்தார். மெக்கானிக்குகள் அப்படித்தான் கழுவுவார்கள்.

"ஐயோ நைனா, வூடே எரிஞ்சிடும்! இதுக்கு சோப்புத் தண்ணிதான்."

"தண்ணியிலயா? இது இன்னா, துணியா?"

"அப்போ என் பொடவையும் போடு," என்றாள் அம்மா.

ஒலி அதிர்வில் எழும் நுண்ணிய குமிழிகள் கம்பி நுழையாத ஓட்டையிலும் அழுக்கைப் பெயர்க்கும் என்று விளக்கினேன். நைனா கேனை ஓரமாக வைத்ததும் சோப்புத் தண்ணீர் ஊற்றி பிளக்கைச் செருகினேன். தொட்டி வண்டுபோல் இரைந்தது, தண்ணீர் டீ நிறமானது. பாகங்களைத் துடைத்துக் காயவைத்தேன். பெட்ரோல் பாயும் சின்னக் குழாயான ஜெட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது அதன் ஓட்டையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது.

எல்லாவற்றையும் மாட்டி உதைத்தேன். முதல் உதையில் கிளம்பவில்லை. மூன்றாவதில் கிளம்பியது. நைனா ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார். அணையவில்லை.

"ஓடிக்கினே இருக்கட்டும்மா, நிறுத்தாத," என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிவரப் போனார்.