கல்லுக்கும் ஒரு டிக்கெட்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் என் சேக்காளி வாசிப்பான். வாசித்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். ஆனால் இப்போதும் கண்ணை மூடினால் கார் பின்னால் உருள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அவன் அம்மாவைப் போடியிலிருந்து மலைமேலிருக்கும் போடிமெட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். கடைக்கு ஏலக்காய் லோடு வந்துவிட்டதால் சாவியை என்னிடம் கொடுத்தான். பழைய கார். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். அதனால் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கப் பின்சீட்டுக்குக் கீழே எப்போதும் ஒரு கருங்கல் வைத்திருப்பான்.

"என்ன மாப்ளே, கல்லுக்கும் டிக்கெட் உண்டா?"

"சிரிக்காமக் கேளுடா. சூடு முள்ளு ஏறுச்சுன்னா வண்டிய நிப்பாட்டு. ஆனா சமமான எடமாப் பாத்து நிப்பாட்டு."

முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கினேன்.

முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முன்னால் ஒரு லாரி. அதன் பின்னால் முதல் கியரிலேயே ஊர்ந்தோம். இனிப்பாக ஒரு வாசம் வந்தது. ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற கார்தானே என்று விட்டுவிட்டேன்.

"ஏப்பா, என்னமோ வேகுற வாட அடிக்குதே" என்றார் அவன் அம்மா. எனக்கு அவர் அத்தை.

"ஒங்களுக்குத்தான் ஏலக்காய் டீ கொதிக்குது அத்தே."

சொல்லி வாயை மூடவில்லை, முன்பக்கமிருந்து அதே இனிப்பு வாசத்தோடு ரேடியேட்டர் ஆவி குபீரென்று கிளம்பியது. கண்ணாடி முழுக்க வெள்ளை. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கிடந்தது. தீப்பிடித்துவிடும் என்று நினைத்தேன். கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் கீழே, செங்குத்து ஏற்றத்திலேயே நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

பயத்தில் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தேன். இன்ஜின் ஓடாதபோது அப்படி மிதித்தால் பிரேக் பெடல் இறுகி, பிடிக்காமல் போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பாறையை மிதிப்பது போலிருந்தது. கார் பின்னால் நகர்ந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். சாலையோரத் தடுப்புச் சுவர், அதற்கப்பால் வெறும் வானம்.

"மலைப் பக்கம் ஒடிடா!"

அத்தை என்னை டா போட்டது அன்றுதான். ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. இரண்டு கையாலும் தொங்கி ஒடித்தேன். பின்சக்கரம் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இறங்க, பின்பக்கம் டமாரென்று பாறையில் மோதி நின்றது.

நின்றுவிட்டது என்று நம்ப முடியவில்லை. மறுபடி நகர்ந்தால்? காலை எடுக்கப் பயம்.

"அசையாத, இரு."

அத்தை பின்கதவைத் திறந்து அந்தக் கல்லை வயிற்றோடு அணைத்துத் தூக்கிப்போய் முன்சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுத்தார். அப்புறம்தான் காலை எடுத்தேன்.

ஏதாவது செய்ய வேண்டுமே என்று கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். அத்தை கையைத் தட்டிவிட்டார்.

"டீ ஆறட்டும்ப்பு. இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓரமாய் உட்கார்ந்து அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"மாப்ளே, அத்தைக்கு ஒண்ணுமில்லடா. வண்டிய ஒன் கல்லுதான் பிடிச்சுக்கிட்டு நிக்குது. மெக்கானிக்கக் கூட்டிக்கிட்டு வெரசா வா."

பதில் வந்தது.

"வர்றேன்டா, கெளம்புறப்ப மறக்காமக் கல்லுக்கும் ஒரு டிக்கெட் போட்டுரு."