அம்மாவின் பிரியதத்தம்

விளக்கெண்ணெய் தடவிய தலைகளின் வாசமும் சாம்பிராணிப் புகையும் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் கடத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊர் மாதா கோயில்தான் நினைவுக்கு வரும். கூடவே அம்மாவின் குரலும் வரும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து ‘பூசை’ வைத்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் சாயங்காலச் செபமாலையை அம்மாதான் நடத்துவாள். ஒவ்வொரு செபத்திலும் முன்பாதியை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும், பின்பாதியை மற்றவர்கள் பதிலாகச் சொல்ல வேண்டும். ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று அம்மா இழுத்துத் தொடங்கினால், ‘அர்ச்சியசிஷ்ட மரியாயே’ என்று நாட்டு ஓட்டுக் கூரை அதிரப் பதில் வரும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, அத்தனையும் காதால் கேட்டுப் பிடித்தவை. பகலெல்லாம் அடுத்தவர் கடலைக்காட்டில் களை எடுக்கும் பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் ஊரே பதில் சொன்னது. ஊரில் அவளுக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில், நான் ஐந்தாவது படிக்கும்போது, புதிதாக வந்த சாமியார் மெல்லிய செபப் புத்தகங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்தார். வாயில் நுழையாத பழைய வார்த்தைகள் போய் நல்ல தமிழ் வந்துவிட்டது, இனி எல்லாரும் இதன்படிதான் சொல்ல வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ‘பிரியதத்தம்’ என்றால் அருள் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? ‘சர்வேசுரன்’ இறைவன் ஆனார், ‘சேசு’ இயேசு ஆனார், ‘பூசை’ திருப்பலி ஆனது. ‘சம்மனசு’ வானதூதர் ஆனதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சம்மனசு எந்நேரமும் என் வலது தோளுக்குப் பின்னால் நிற்கும் ஆள். தூதர் என்றால் சேதியைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுவாரே என்று கவலைப்பட்டேன். அர்ச்சியசிஷ்ட ராயப்பரும் புனித பேதுரு ஆகிவிட்டார். அவர் பேரை வைத்திருந்த எங்கள் அப்பா மட்டும் ராயப்பனாகவே இருந்தார்.

புதுச் செபம் தொடங்கிய அன்று மத்தியானம் அம்மா என்னைப் படிக்கச் சொல்லி நாலைந்து முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சாயங்காலம் கோயிலில் முழங்கால் போட்டுத் தொடங்கியதும், பழகிய நாக்கு பழைய வழியிலேயே போனது. பக்கத்தில் புத்தகத்தோடு இருந்த நான், எல்லாருக்கும் கேட்கும்படி, “அப்பிடி இல்லம்மா, அருள் நிறைந்த மரியே” என்றேன். அம்மா மறுபடி தொடங்கி மறுபடி தடுமாறினாள். பின்னால் சில பெண்கள் சிரித்தார்கள். சாமியார் இல்லாத நாள்களில் கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் நல்ல மனுஷர், தணிவாகத்தான் சொன்னார்.

“புள்ளையே படிக்கட்டுங்க. உங்க பொண்ணுதானுங்களே.”

“அதுக்கென்னங்க, படிக்கட்டும்” என்று அம்மா எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். நான் ஒரு எழுத்துக்கூடத் தடுக்காமல் படித்தேன். ஊரே எனக்குப் பதில் சொல்ல, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா அதற்காக என்னிடம் ஒரு சொல் கோபித்ததில்லை. கோயிலில் அவள் உதடு மட்டும் அசையும். களி கிண்டும்போதும் களை எடுக்கும்போதும் பழைய செபமே ஓடும். நான் புதுசைச் சொல்லிக்கொடுக்கப் போனால், நாக்கு திரும்ப மாட்டேன் என்கிறது என்று தள்ளிவிடுவாள். அப்பா மட்டும், “சாமிக்கு ரெண்டு பேச்சும் தெரியும், வுடு புள்ள” என்று அவளைத் தேற்றுவார்.

எட்டு வருடம் கழித்து, நான் தர்மபுரியில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது அப்பா இறந்தார். காட்டிலேயே மாரடைப்பு. மறுநாள் காலையில் உடம்பைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருக்க, செபத்தைத் தொடங்கச் சொல்லிப் புத்தகத்தை வழக்கம்போல என் கையில் கொடுத்தார்கள். திறந்தேன், எழுத்தெல்லாம் கலங்கியது. வேறு யாரும் தொடங்கவில்லை. அப்போது அப்பாவின் தலைமாட்டிலிருந்து அம்மா எடுத்தாள், ‘பிரியதத்தத்தினாலே’ என்று, அதே பழைய இழுப்பில். அத்தனை பெண்களும் பழைய வார்த்தையிலேயே பதில் சொன்னார்கள். எட்டு வருடம் சொல்லாதது ஒருத்திக்கும் தடுக்கவில்லை. வாசலில் நின்ற உபதேசியாரும் சேர்ந்துகொண்டார். எனக்குத்தான் ‘அர்ச்சியசிஷ்ட மரியாயே’ என்பதற்கு மேல் வாயில் வரவில்லை. புதுசு அதன்மேல் படிந்துவிட்டிருந்தது. என் அப்பாவுக்கான செபத்துக்கு நானே பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். திருத்தவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் திருப்பலியும் போய் ‘மாஸ்’ வந்துவிட்டது; பேரன் சாமியாரை ‘ஃபாதர்’ என்கிறான், சம்மனசு அவனுக்கு ‘ஏஞ்சல்’. பிரியதத்தம் என்றேன் ஒருநாள், அது யாருடைய பேர் என்று கேட்டான். அம்மா போய் இருபது வருடம் ஆகிறது. அன்று சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவரும் இல்லை. அட்டை கிழிந்த பழைய செபப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அந்தப் பின்பாதியை முழுசாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். இப்போது எங்கேயும் தடுக்காது. முன்பாதியை எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.