நூட்டலா, மொதலாளி?

இது நடந்தது. நடந்தபோது நான் குடித்திருக்கவில்லை, தூக்கக் கலக்கத்திலும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. எந்த உருப்படி எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு வந்தது என்று நோட்டில் எழுதி எழுதியே பழகிய கை இது. அதனால் நான் சொல்லும் நேரத்தில் தப்பு இருக்காது. மற்றதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வருஷம் 1974. வீடு திருவள்ளூரில். மாமனார் ஆதிகேசவனின் பழைய அரிசி மில் வளாகத்திலேயே ஒரு பக்கம் அவர் இருந்தார், ஒரு பக்கம் நானும் என் மனைவி ரத்னாவும். மில் மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. கும்மிடிப்பூண்டி போக வேண்டுமானால் வெங்கல், பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் என்று சுற்றிக்கொண்டு மூன்று பஸ் மாற வேண்டும். வேலையோ இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மாதத்தில் மூன்று நாள் தாமதமாகப் போனால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். எனவே மாமனார் தன் காரைக் கொடுத்தார்.

1939ஆம் வருஷத்து மாரிஸ். கறுப்பு. ரத்னா பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்த கார். ஆதிகேசவன் மாப்பிள்ளைக்குக் காரே கொடுத்துவிட்டார் என்று தெரு முழுக்கப் பேச்சு. யானையைக் கட்டித் தீனி போடுகிறவனுக்கல்லவா கஷ்டம் தெரியும்? பின் சீட்டில் எப்போதும் இரண்டு கேன் தண்ணீர். பிளக் துடைக்கப் பழைய வேட்டித் துணி. பெட்ரோலில் தூசி வந்தால் டியூபை வாயால் ஊதி, அந்த நாற்றத்தோடேயே மதியச் சோறு. இரண்டாவது மாதமே செல்ஃப் மோட்டார் கருகிவிட்டது. புதுப்பேட்டையின் பழைய கார்ச் சாமான் கடைகள் முழுக்க அலைந்தும் மாற்று கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஹேண்டில் போட்டுத்தான் ஸ்டார்ட் செய்தோம்.

ஹேண்டில் போடுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காரின் முகப்பில் கீழே ஒரு துளை இருக்கும். அதில் இரும்பு ஹேண்டிலைச் செருகி, குனிந்து, ஒரே மூச்சில் சுற்ற வேண்டும். உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் சுலபம். கியர் மட்டும் நியூட்ரலில் இருக்க வேண்டும். கியரில் இருந்தால் எஞ்சின் பிடித்த கணமே கார் பாயும், முன்னால் நிற்பவன் கதி அதோகதி. அதனால் குனிகிறவன் முதலில் ‘நியூட்ரலா?’ என்று கேட்பான். உள்ளே இருப்பவன் லீவரை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

காலையில் நான் சுற்றுவேன், ரத்னா உள்ளே உட்காருவாள். மாலையில் தொழிற்சாலை வாட்ச்மேன் பச்சையப்பன் சுற்றுவார். சீட்டுக்கடியில் இருக்கும் ஹேண்டிலை அவரே முன்கூட்டி எடுத்து வைத்திருப்பார்.

செப்டம்பர் 11, புதன்கிழமை. மாலை 6.20. லேசான தூறல். கேட்டைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் காரில் ஏறினேன். அந்தக் காரின் பானெட் உயரம். முன்னால் குனிந்திருப்பவர் தெரிய மாட்டார். முன்பக்கம் லேசாக அமுங்கியது. ‘கிளிங்’ என்று இரும்பு உட்காரும் சத்தம்.

“நூட்டலா, மொதலாளி?”

லீவரை ஆட்டிப் பார்த்தேன். “நூட்டல்” என்றேன். ஒரே சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. பச்சையப்பன் என்னை எப்போதும் ‘சார்’ என்றுதானே கூப்பிடுவார் என்று அப்புறம்தான் தோன்றியது.

அப்போது கேட் பக்கமிருந்து பச்சையப்பன் தலையில் கோணியைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

“இன்னா சார், நீங்களே ஸ்டார்ட் பண்ணிக்கினீங்களா? டீ குடிச்சிகினு இருந்தேன். லேட்டாயிட்சி.”

இறங்கிப் போய்ப் பார்த்தேன். முன்னால் யாரும் இல்லை. துளையில் ஹேண்டிலும் இல்லை. அது என் சீட்டுக்கடியில் நான் வைத்த இடத்திலேயே கிடந்தது. எஞ்சின் சூட்டில் தானாகப் பிடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையிலிருந்து பத்து மணி நேரம் நின்ற காரில் என்ன சூடு?

செப்டம்பர் 19, வியாழக்கிழமை. அன்று சீக்கிரம் கிளம்பிவிட்டேன். ஆரணி தாண்டிப் பெரியபாளையம் போகும் வழியில், ஒரு மதகின் மேல் எஞ்சின் அணைந்தது. மணி 6.18. இரண்டு பக்கமும் வயல். கண்ணுக்கெட்டியவரை ஒரு ஆள் இல்லை. சீட்டுக்கடியிலிருந்து ஹேண்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்தேன்.

6.20.

முன்பக்கம் அமுங்கியது.

“நூட்டலா, மொதலாளி?”

நான் காரை விட்டு இறங்கவே இல்லை. ஹேண்டில் என் மடியில் இருந்தது. எப்படியாவது அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று, பார்க்காமலேயே “நூட்டல்” என்றேன்.

ஹேண்டில் சுற்றும் சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாக... சரளைக் கல்லில் காலடி. சரக்... சரக்... பானெட்டைச் சுற்றிக்கொண்டு என் ஜன்னல் பக்கம் வந்தது. வெளியே யாருமில்லை. வயல்தான் தெரிந்தது.

காதுக்கு அருகில் சொன்னது.

“பாத்து சொல்லு.”

குனிந்து பார்த்தேன். லீவர் இரண்டாவது கியரில் இருந்தது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். மறுபடி சொன்னேன். காலடி முன்பக்கம் திரும்பிப் போனது. ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது.

வீட்டுக்கு வந்து ரத்னாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

“மொதலாளின்னா கூப்ட்டுச்சு?”

“ஆமாம்.”

“அப்பாவுன்னு மில்லுல ஒரு வேலைக்காரரு இருந்தாருங்க. நம்ப காருக்கு அவர்தான் ஹேண்டில் போடுவாரு. அறுபத்தாறுல நம்ப கார் ஷெட்லயே செத்தாரு. காருக்கும் செவுத்துக்கும் நடுவுல. அவரே கியர்ல விட்டுட்டு அவரே சுத்திகினாருன்னு எங்கப்பா சொன்னாரு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அவரு சம்சாரம் எல்லம்மா அத்த நம்பல. நம்ப வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்திட்டுப் போச்சு.”

ஜன்னலுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரலில் வழக்கமான அதட்டல்.

“பேயாவது பிசாசாவது. ஞாயித்துக்கெழம நானே சுத்திக் காட்டறேன் மாப்பிள்ள. நீங்க உள்ள குந்துங்க.”

நான் தடுத்திருக்க வேண்டும். அந்த ஆளுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று என் உள்மனசு சொன்னது. ஆனாலும் தடுக்கவில்லை. தெருவெல்லாம் கார் கொடுத்த பெருமையைப் பாடிக்கொண்டு, எனக்கு மட்டும் இதை மறைத்தாரே என்று ஆத்திரம். அந்தக் குரலை அவரும் ஒரு தடவை கேட்கட்டும் என்று நினைத்தேன். அது என் குற்றம்.

செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. ரத்னா வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தாள். 6.10க்கு மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். கார் மில் சுவரைப் பார்த்து நின்றது. நடுவே நாலடி இடம்.

“வெளியே தள்ளிக்கலாம் மாமா.”

“வேணாம்.”

உள்ளே உட்கார்ந்து லீவரை மூன்று தடவை ஆட்டிப் பார்த்தேன். நியூட்ரல். சத்தியமாக நியூட்ரல். கையை லீவர் மேலேயே வைத்துக்கொண்டேன்.

அவர் குனிந்தார். ‘கிளிங்.’ பானெட் அவரை மறைத்தது.

“நியூட்ரலா, மாப்பிள்ள?”

நான் வாயைத் திறந்தேன்.

என் இடது பக்கத்துக் காலி சீட்... மெல்ல அமுங்கியது.

“நூட்டல்தான். சுத்துடா.”

அது என் குரல் இல்லை.

மாமனார் தலையைத் தூக்கினார். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பார்த்தார்.

“அப்பாவு... நான் அன்னிக்கு...”

என் கை மேல் இன்னொரு கை வந்து உட்கார்ந்தது. ஈரமான கை.

லீவர் முன்னால் போனது. ‘டக்.’

பிரேக்கை மிதித்தேன். இரண்டு காலாலும் மிதித்தேன். அது அசையவில்லை. அடியிலிருந்து யாரோ முட்டுக் கொடுத்தார்கள்...

ஹேண்டில் சுற்றியது. அவர் சுற்றவில்லை. அவர் கையையும் சேர்த்துச் சுற்றியது.

எஞ்சின் பிடித்தது.

மணி 6.20.

போலீஸ் ஸ்டேஷனில் என்னை உட்கார வைத்தபோது 8.40. ரைட்டர் துளசிராமன் பேப்பரும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தார். வயதானவர். பல வருஷமாக அதே ஸ்டேஷன். நடந்தது நடந்தபடி சொல்லத்தான் போனேன். ஆனால் காருக்குள் உட்கார்ந்திருந்தவன் நான். என் கையடியில்தான் கியர் விழுந்தது. ரத்னாவிடம் என்ன சொல்வேன், உன் அப்பாவைக் கொன்றவன் நான் என்றா?

எனவே பொய் சொன்னேன்.

“நான் கார்ல இல்லைங்க. அவரே கியர்ல விட்டுட்டு அவரே சுத்திகினாரு. அப்ப நான் கெணத்தடியில மூஞ்சி கழுவிகினு இருந்தேன். நாய் குலைக்கற சத்தம் கேட்டு ஓடி வந்து பாத்தேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் வீட்டில் நாய் கிடையாது. நாய் என்ற வார்த்தை எப்படி என் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

துளசிராமன் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். எழுந்து போய்ப் பழைய கட்டு ஒன்றைத் தேடி எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். 1966. அதிலிருந்து ஒரு தாளை உருவி என் பக்கம் தள்ளினார்.

“இத்தப் படிங்க சார்.”

ஆதிகேசவனின் வாக்குமூலம். நான் காரில் இல்லை. அப்பாவு தானே கியரில் விட்டுத் தானே சுற்றினான். அப்போது நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நாய் குரைக்கும் சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தேன். கீழே அவர் கையெழுத்து.

“அப்ப அவுங்க ஊட்ல நாய் இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“கெடயாது சார். நான்தான் விசாரணைக்குப் போனேன். அந்த ஊட்ல எப்பவுமே நாய் கெடயாது. அத எதுக்குச் சொன்னேன்னு தெரியலியேன்னு அவரும் இப்டித்தான் முழிச்சாரு.” பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். “ஆனா கையெழுத்து போட்டுட்டாரு. அதுக்கப்பறம் எட்டு வருசம் நல்லாத்தான் இருந்தாரு.”

நானும் போட்டேன்.

ரத்னாவுக்குப் பத்திரிகை படிக்கும் வழக்கமில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அவளிடம் நேரில் சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாமோ என்னவோ. ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வருகிறது, சொல்ல முடியவில்லை. இது 1979. எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.